படத்துக்குள் தொங்கிய படம்

கண்ணாடிக்காரரை ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் யாரும் தேடி வந்ததில்லை. தேடும்படியாக அவர் எங்கேயும் போனதும் இல்லை. இருபத்திரண்டாவது வயதில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர், அதே கடையின் பின்னறையில், அதே ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்தபடியே நரைத்துப் போனார். முன்னறையில் கண்ணைச் சோதித்து எழுதும் சீட்டு அவரிடம் வரும். லென்ஸின் ஓரத்தைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துவார். பிறகு ஆளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, மூக்கில் அழுத்துகிறதா, காதில் உறுத்துகிறதா என்று கேட்டுக் கேட்டுக் கம்பியை வளைப்பார். ஊரில் பாதிப் பேருடைய மூக்கு அவருக்குத் தெரியும், பெயர் தெரியாது. தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்து, 'இவருக்கு இடது காது கொஞ்சம் மேலே' என்று நினைத்துக்கொண்டே கடந்து போவார். அவர்கள் அவரைக் கண்டுகொள்வதில்லை. இதைப் பழைய முதலாளியிடம் ஒருமுறை சொன்னபோது, "கண்டுக்கிட்டா மட்டும் என்ன, தோள்ல தூக்கி வச்சு ஆடப் போறாங்களா? அடுத்த சீட்ட எடுப்பா" என்றார் அவர்.

வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா முதலில் போனார், ஐந்து வருடம் கழித்து அம்மா. கல்யாணப் பேச்சு தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, எடுப்பதற்கு ஆளில்லாமல் ஒருநாள் நின்றுபோயிற்று. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது. அந்த அரை நாளை ஓட்டுவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். துவைத்த சட்டையையே இன்னொருமுறை துவைப்பார்.

அவர் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி நடந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் ஒரு சினிமாவில் இருந்தார்.

நடித்தார் என்று சொல்ல முடியாது. இருபத்து மூன்று வயதில், கண்ணாடியைப் பழுது பார்க்க வந்த ஓர் உதவி இயக்குநர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க மூஞ்சி எங்களுக்கு வேணும்" என்றார்.

"எனக்கு நடிக்கல்லாம் வராதுங்க."

"நடிக்கச் சொல்லி யாரு கேட்டா? மூஞ்சி மட்டும் போதும்."

இரவல் கோட்டு ஒன்றை மாட்டி ஒரு புகைப்படம் எடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு, படத்தில் வரும் வீட்டின் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் காணாமல் போன கணவன் அவர்!

படம் ஆறு நாள் ஓடியது. நாலாம் நாள் அவர் போனபோது, அவரையும் சேர்த்துக் கொட்டகையில் பதினொரு பேர். கதை இதுதான். புது ஊரில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் ஒருவன் வந்து, 'நான்தான் உன் கணவன், ஆறு வருடம் கழித்துத் திரும்பியிருக்கிறேன்' என்கிறான். வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவளோ சுவரைக் காட்டி, "என் புருஷன் இவர்தான், நீ யாரு?" என்று கத்துகிறாள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று அக்கம்பக்கத்தார் நினைக்கிறார்கள்; பார்க்கிற நமக்கும் அப்படித்தான் தோன்றும். கடைசியில் பார்த்தால் வந்தவன்தான் நிஜமான கணவன். மனைவிதான் பொய். உண்மை மனைவி நோயில் இறந்துபோக, அவளுக்குப் பணிவிடை செய்ய வந்த தாதி அவளுடைய சேலைகளையும் பெயரையும் வீட்டையும் எடுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். "அப்போ இந்தப் படத்துல இருக்கறது யாரு?" என்று கேட்கிறார் போலீஸ் அதிகாரி. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறாள்: "யாருமில்ல. கடையில தொங்குச்சு. ஃப்ரேம் நல்லா இருந்துச்சு, வாங்கினேன்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் விளக்குப் போடும் முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. இயக்குநர் அடுத்த படம் எடுக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் கழித்து, மத்தியான நேரத்தை எதைப் போட்டாவது ரொப்ப வேண்டியிருந்த டிவிக்காரர்கள் அதைத் தூசி தட்டி எடுத்துப் போட்டார்கள். கடையில் வேலையாக இருந்த கண்ணாடிக்காரருக்கு அது தெரியாது.

அடுத்த மாதம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு நாள், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். நேராகப் பின்னறைக்கே வந்துவிட்டாள். அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்து, கண்ணை இடுக்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"டேய்" என்றாள். "என்னைத் தெரியலையாடா? அக்காடா."

அவள் பேசப் பேசத்தான் விஷயம் புரிந்தது. அவளுடைய தம்பி இருபது வயதில் வீட்டை விட்டுப் போனவன்; முப்பத்தெட்டு வருடமாகத் தகவலே இல்லை. டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது சுவரில் தம்பி தொங்கியிருக்கிறான். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாளாம். ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டு, அந்தப் படத்தில் வேலை செய்த ஒருவரைப் பிடித்து, "அதுவா, அது ஏதோ கண்ணாடிக் கடைப் பையன்" என்ற ஒரு வரியை வாங்கிக்கொண்டு, ஊரில் உள்ள கண்ணாடிக் கடையெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறாள். இது பதினாலாவது கடை.

'நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டு வந்திருக்கீங்கம்மா' என்பது அவர் தொண்டை வரை வந்தது. நாள் தவறாமல் பத்துப் பேரிடம் 'இது உங்களுது இல்லீங்க, பக்கத்துல இருக்கறது' என்று சொல்கிற வாய்தான் அது. ஆனால் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மழையில் வந்த கை, சில்லென்று இருந்தது. அம்மா போன பிறகு அவரை யாரும் 'டேய்' என்று கூப்பிட்டதில்லை. வாய் வரை வந்தது அப்படியே உள்ளே போயிற்று. இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியது. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் பழைய முதலாளியின் மகள். இப்போது கண் சோதிப்பதும் கடையைப் பார்ப்பதும் அவள்தான். பாவாடை கட்டிய நாளிலிருந்து அவரை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்.

"மாமா, உங்களுக்கு அக்கா இருக்காங்களா? சொல்லவே இல்ல!"

"இருக்காங்க" என்றார் கண்ணாடிக்காரர். முதல் பொய் அதுதான்.

அதன் பிறகு வியாழக்கிழமை தவறாமல் அக்கா வந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துணிகள் வெளுக்கும் பகுதியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை, மகள் வெளியூரில் இருந்தாள். அவருடைய அறைக்கு வந்ததும் முதல் காரியமாகப் படுக்கை விரிப்பை உருவி, ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி நாலு மூலையும் மடித்துச் செருகுவாள். "இப்படிக் கசங்கிக் கெடந்தா தூக்கம் எப்படிடா வரும்?" என்பாள். அவர் இரண்டாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார்.

பொய் சொல்ல அவர் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. கேள்வியையும் அவளே கேட்டு, பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். "அப்பா செத்தது உனக்குத் தெரியாதுதானே? எப்படித் தெரியும், நீதான் எங்கயோ கெடந்தியே" என்பாள். அவர் தலையாட்டினால் போதும். அவள் சொல்லச் சொல்ல, தம்பி என்கிற ஒருவன் அவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து குடியேறினான். தம்பிக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று தெரிந்ததும் அவர் கத்தரிக்காயை விட்டார். அதுவரை அவர் விரும்பிச் சாப்பிட்ட காய் அது.

ஒருநாள் டீயைக் கொடுத்துவிட்டு, "என்னடா, சோத்தாங்கையில வாங்கற? ஒனக்கு எடது கைப் பழக்கமாச்சே?" என்றாள்.

"மிஷின்ல வேலை செய்யணும்ல, மாத்திக்கிட்டேன்" என்றார். பதில் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவருக்கே வியர்த்தது.

இரண்டாவது மாதத்தில்தான் அவள் அதைச் சொன்னாள். அவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அவர் கை நீட்டியும் கொடுக்கவில்லை.

"அன்னிக்கி ஒன்னுமில்லாத விஷயத்துக்கு சண்டை. சைக்கிள எடுத்துட்டுப் போயி பஞ்சராக்கிட்டு வந்தே. நான் வேலைக்குப் போற அவசரம். 'போய்த் தொலைடா'ன்னு சொன்னேன். வாய் தவறி எல்லாரும் சொல்றதுதானே? நீ நெசமாவே போயித் தொலைஞ்சே." நூலைப் பல்லால் கடித்தாள். "அம்மா சாகற வரைக்கும் என்கிட்ட அதைக் கேக்கவே இல்லடா. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நான் அதுக்காகப் போகலக்கா" என்றார். "நீ சொன்னது எனக்கு ஞாபகங்கூட இல்ல. ஒன் மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது."

அக்கா சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். முப்பத்தெட்டு வருடத்து அழுகை. நின்று நின்று வந்தது. அன்று போகும்போது படியில் அவள் நடை மாறியிருந்ததை அவர் மேலிருந்து பார்த்தார். தான் செய்தது நல்லதா, பாவமா என்று அவருக்கு விளங்கவில்லை. நல்லது என்றே அன்று தூங்கினார்.

ஆனால் ஒரு விஷயம் முதல் நாளிலிருந்தே அவரை அரித்துக்கொண்டிருந்தது. அவள் போட்டிருந்த கண்ணாடி. ஒரு பக்கக் கம்பியை நூல் சுற்றிக் கட்டியிருந்தாள். லென்ஸ் கீறலால் பனி படர்ந்த மாதிரி இருந்தது. பவரோ எந்தக் காலத்திலோ எழுதியது. இப்போதைய கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அவள் கண்ணை இடுக்குவதைப் பார்த்தாலே தெரியும். வேறு யாராக இருந்தாலும் கையைப் பிடித்து முன்னறைக்கு அழைத்துப் போயிருப்பார். அவளுக்கு மட்டும் நூலை அவிழ்த்துத் திருகாணியை முடுக்கிக் கொடுத்தாரே தவிர, அதற்கு மேல் பேசவில்லை. கண் தெளிவாகத் தெரிந்தால் அவள் முதலில் பார்க்கப்போவது யாரை என்று அவருக்குத் தெரியாதா?

"மாமா, அக்காவ ஒரு டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள் முதலாளியின் மகள். "பாவம், தடவித் தடவி நடக்கறாங்க."

"வரச் சொல்றேம்மா" என்றார். மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதே பதில்.

ஒரு வியாழக்கிழமை அக்கா வரவில்லை. இரண்டு மணி, மூன்று மணி. இருட்டத் தொடங்கியபோது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு படியேறினாள்.

"கேளேன் கூத்த. மூணுன்னு நெனச்சு எட்டாம் நம்பர் பஸ்ல ஏறிட்டேன். கடைசி ஸ்டாப்புல எறக்கி விட்டுட்டான். ஒரே லாரி ஷெட்டு, ஆள் நடமாட்டமே இல்ல. எந்தப் பக்கம் ரோடுன்னே தெரியல, தடுக்கி விழுந்தேன். ஒரு புண்ணியவான் கூட்டிட்டு வந்து வேற பஸ்ல ஏத்தி விட்டான்." சிரித்தாள். "என் கண்ணு எனக்கே வேட்டு வைக்குதுடா."

அவரால் சிரிக்க முடியவில்லை. அவள் முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டார். முப்பத்தாறு வருடமாக அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று: பார்க்க முடியாதவரைப் பார்க்க வைப்பது. தன் சுகத்துக்காக ஒரு மனுஷியைக் குருடாகவே வைத்திருந்திருக்கிறார்.

மறுநாளே அவளைக் கடைக்கு வரவழைத்தார். முதலாளியின் மகள் சோதித்துவிட்டு, "இத்தன நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று வாயைப் பிளந்தாள். லென்ஸை அவரே தேய்த்தார். ஓரம் சரியாக வந்த பிறகும் சக்கரத்தை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வியாழக்கிழமை, கடை சாத்தும் நேரத்தில், எதிரில் உட்கார வைத்து அவளுக்கு மாட்டினார். மூக்கில் சரியாக உட்கார்ந்தது. காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார்.

"உறுத்துதாக்கா?"

"இல்லடா."

அவள் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தாள். கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். "அடேயப்பா, அந்த மாடியில துணி காயுது! கிளிப்பு கூடத் தெரியுது" என்றாள் குழந்தை மாதிரி. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இவ்வளவு சுருக்கமா?" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் அசையாமல் இருந்தார். அவளுடைய பார்வை அவர் நெற்றி, மூக்கு, வாய் என்று இறங்கி, பக்கவாட்டில் போய் நின்றது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போயிற்று என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"எங்கம்மாவுக்கும் எனக்கும் அவனுக்கும் காதோட கீழ் மடல் தொங்காது" என்றாள் மெதுவாக. "கன்னத்தோட ஒட்டியிருக்கும். அம்மா காதுன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

அவர் கை தானாகக் காதுக்குப் போயிற்று. அவருடைய மடல் நன்றாகத் தொங்கியது. அவள் காதைக் கொஞ்சம் முன்புதான் தொட்டார், ஒட்டியிருந்ததை விரல் அறிந்திருக்கும், மனசுதான் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்க யாரு?" என்று கேட்டாள்.

மூன்று மாதமாக 'டா' போட்டுப் பேசிய வாய். அந்த 'நீங்க'வில் அவருக்கு எல்லாம் முடிந்துபோயிற்று.

"கண்ணாடிக் கடையில வேலை செய்யறவன்" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த அம்மா எழுந்து பையை எடுத்துக்கொண்டு போனாள். தெரு முனையில் பஸ்ஸின் எண்ணை நிமிர்ந்து பார்த்து, சரியான பஸ்ஸில் ஏறினாள்.

இரண்டு வியாழக்கிழமைகளை அவர் கட்டிலில் படுத்தே கழித்தார். மூன்றாவது வியாழக்கிழமை அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வாசலிலேயே நின்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒரே பிள்ளை என்பதை, அந்தப் புகைப்படத்தை, இல்லை என்று சொல்ல வாய் வராததை.

"என்னை டேய்னு கூப்பிட ஆளே இல்லாம இருந்துச்சு. அதான்…"

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க என் வீட்டுத் துணிய எடுத்துக்கிட்டுப் போயிருந்தாக்கூடப் பரவால்ல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒன் மேல கோவமில்லக்கான்னு சொன்னீங்களே, அத எப்படிங்க சொன்னீங்க? அவன் சொல்ல வேண்டியது அது. அத நம்பி நான் மூணு மாசம் நிம்மதியாத் தூங்கினேன். என்னை மன்னிக்க நீங்க யாரு? இப்ப நான் திரும்பவும் மொதல்லேர்ந்து யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். அந்தச் சொல்லையே இனி அவளிடம் எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் நின்றார்.

"ஜாடை மட்டும் அப்படியே இருக்கு" என்றாள் கடைசியில், தனக்குத்தானே சொல்வது போல. கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வரை நின்று கேட்டுவிட்டு அவர் படி இறங்கினார்.

கடையில் முதலாளியின் மகள் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா ஏன் மாமா வரதில்ல? கண்ணாடி செட்டாச்சா?" ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றார், உடம்பு சரியில்லை என்றார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற வேறொன்று என்று போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவள் ஆரஞ்சுப் பழம் ஒரு பை வாங்கி வந்து, "அக்காவுக்குக் குடுங்க" என்று மேசையில் வைத்தபோது அவரால் தாங்க முடியவில்லை.

"அவங்க எனக்கு அக்கா இல்லம்மா" என்றார். "எனக்கு யாருமே கெடையாது. அவங்க தப்பா நெனச்சு வந்தாங்க. நான் ஆமான்னுட்டேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு பழத்தை எடுத்து உரித்தாள். பாதியை அவரிடம் நீட்டினாள். இருவரும் தின்றார்கள். அதற்குப் பிறகும் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் கூப்பிடும் முன் ஒரு கணம் தயங்குவதாக அவருக்குத் தோன்றியது. வெறும் தோற்றமாகவும் இருக்கலாம்.

மழைக்காலம் போய், வெயில் வந்து, அதுவும் தணிந்த சமயம். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி சீட்டோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயது இருக்கும், வாயாடி.

"என் வீட்டுப் பக்கத்துல இதே மாதிரி கடை ரெண்டு இருக்கு. எங்க மாடியில ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில வேலை பாத்தவங்க, கண்ணாடி போட்டா இங்கதான் போடணும்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. அவங்க கண்ணாடியப் பாத்தேன், நூல் புடிச்ச மாதிரி உக்காந்திருக்கு."

கண்ணாடிக்காரர் ஃப்ரேமைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போடறவரு எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டேன். ஏன்னா நான் கொஞ்சம் நச்சரிப்பேன், எல்லாரும் தாங்கமாட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வேலை சுத்தம்னாங்க. ஆளப் பத்தி ஒன்னும் சொல்லல. ரெண்டாந்தரம் கேட்டேன். வேலை சுத்தம்னு திரும்பவும் அதையே சொன்னாங்க."

"அவங்க… நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. டெய்லி பேப்பர் ஒரு வரி விடாம படிக்கறாங்க. காணவில்லைன்னு ஃபோட்டோ போடுவாங்க பாருங்க, அதைக் கத்தரிச்சு வச்சுக்கறாங்க. எதுக்குன்னு கேட்டா சொல்லமாட்டாங்க. ஏங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"கடைக்கு வந்திருக்காங்க" என்றார் கண்ணாடிக்காரர். "நேரா என்னைப் பாருங்கம்மா." புதுக் கண்ணாடியை அவள் மூக்கில் உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து, உறுத்துகிறதா என்று கேட்டார். வலது பக்கம் கொஞ்சம் உறுத்துகிறது என்றாள் அவள். கழற்றி, சூடு காட்டி, மறுபடி வளைக்க ஆரம்பித்தார்.